மேல்முறையீட்டுக்கு இடமில்லை

மேலக்கண்மாய்ப்பட்டி, குளத்தூர் தாலுகா
நந்தன வருஷம் புரட்டாசி 12

சிரஞ்சீவி மருமகன் உடையப்பனுக்கு மாமன் மலையாண்டி சொல்ல, ஆவூர் பங்கிராஸ் வாத்தியார் எழுதும் கடிதம். நானும், உன் மைத்துனன் சேவுகனும், அவன் பெண்சாதி காத்தாயியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் அம்மா, என் தங்கை அழகம்மாளுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அந்த மாடிப்படியில் இறங்கி ஏறுகிறாளா என்று எழுதவும்.

சேவுகனை விட்டுவிட்டார்கள். இந்த மாதம் ஏழாம் தேதி திங்கட்கிழமை செஷன்ஸ் ஜட்ஜ் தீர்ப்பு வாசித்தார். கண்மாய் மடையில் வீரய்யாவை வெட்டிப் போட்டது என் மகன்தான் என்று சொல்லச் சாட்சியம் போதாதாம். தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. போலீஸ்காரர் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டதுதான் எனக்குப் புரிந்தது.

நான் சாட்சி சொன்ன அன்று நீ இல்லையே என்று இருந்தது. அந்தப் பக்கத்துச் சர்க்கார் வக்கீல் எழுந்து, "பெரியவரே, ஒங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாதுங்க என்றேன். "அப்ப தேதியெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்றார். "எழுதத் தெரிஞ்சவுக காயிதத்துல வச்சுக்கிறாக. எனக்குத் தலையை விட்டா வேற எடம் இல்லீங்களே" என்றேன். ஜட்ஜே சிரித்துவிட்டார். வக்கீல் விடவில்லை. மடைக்கல் மாற்றியது எந்த வருஷம் என்றார். பிரபவ வருஷம் ஆனி இருபத்திரண்டு, வியாழக்கிழமை என்றேன். அன்று யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்றார். சொன்னேன். அடுத்தது என்றார். அறுபத்து நாலு வயலையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். முப்பதாவது வயலில் ஜட்ஜ் போதும் என்று கை காட்டினார். நாற்பது வருஷமாய் இந்தக் கண்மாய்க்கு நீர்முறை சொல்லும் எனக்கு அது பெரிய காரியமா.

அதன் பிறகுதான் நான் மற்றதைச் சொன்னேன். வீரய்யா செத்த கர வருஷம் மார்கழி பதினொன்றாம் தேதி சேவுகன் என்னோடு கோட்டைப்பட்டினம் கடற்கரையில் இருந்தான், மடைப்பலகைக்காகப் பழைய வள்ளத்துப் பலகையை இரண்டு பேருமாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்று. ஜட்ஜ் எழுதிக்கொண்டார்.

இன்னொரு சேதி. உன்னை ஐகோர்ட்டில் சர்க்கார் வக்கீலாகப் போடப் பெயர் கேட்டிருக்கிறார்களாமே. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து விசாரிப்பாராம். நம் வகையறாவில் ஒருவன் சர்க்கார் பக்கம் உட்காருவது எனக்கு எவ்வளவு தெம்பு என்று எழுத வாத்தியாருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

இப்படிக்கு மாமன் மலையாண்டி கைநாட்டு.


மயிலாப்பூர், சென்னை
6-10-1952

மாமா அவர்களுக்கு உடையப்பன் வணங்கி எழுதுவது. அம்மா சௌக்கியம். தைலம் தேய்க்கிறோம், மாடிப்படியில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குகிறாள். தங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

சேவுகன் வீடு வந்தது கேட்டு அம்மா அழுதேவிட்டாள். ஆனால் மாமா, ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். விடுதலையை எதிர்த்துச் சர்க்கார் ஐகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். அதற்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. தீர்ப்பும் சாட்சிகள் சொன்னதும் கட்டாகச் சென்னைக்கு வரும். சர்க்கார் வக்கீல் ஆபீசில் ஒருவர் படித்துப் பார்த்து, அப்பீலுக்கு இடம் இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதுவார். அதன்மேல்தான் உத்தரவு. ஐகோர்ட்டில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொல்லி எழுதப்பட்ட காகிதம்தான் அங்கே பேசும்.

என் பெயர் அடிபடுவதும் அதே ஆபீசுக்குத்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சென்னையோடு சேர்த்த பிறகு நம் ஊர் வழக்குகளெல்லாம் இங்கே வருகின்றன. சமஸ்தானத்துச் சட்டமும் வழக்கமும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று தேடுகிறார்கள். நம் சீஃப் கோர்ட்டை மூடியபின் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கு வந்து நாலு வருஷமாக அடுத்தவர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். கிடைத்தால் நல்லது. கிடைக்கும் வரை ஊரில் யாரிடமும் பேச வேண்டாம். வழக்கைப் பற்றியும் பேச வேண்டாம்.

தங்கள் அன்புள்ள மருமகன், உடையப்பன்.


மேலக்கண்மாய்ப்பட்டி
ஐப்பசி 3

மருமகன் உடையப்பனுக்கு மாமன் எழுதச் சொன்னது. இங்கு மழை இன்னும் இறங்கவில்லை. உடம்பு இருக்கிறது. அழகம்மாளைத் தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்லவும்.

உன் கடிதத்தை வாத்தியார் இரண்டு தடவை வாசித்தார். ஆறு மாதம் என்ற இடத்தில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே வாசித்தார். அன்று முதல் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பங்குனி ஒன்பது வரை போகிறது. சேவுகனிடம் சொல்லவில்லை. அவன் வயலுக்குப் போகிறான், வருகிறான், காத்தாயி வைப்பதைச் சாப்பிடுகிறான். தபால்காரர் மிதிவண்டி மணி கேட்டால் நான் மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுகிறேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டியபின் வெளியே வருகிறேன்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். சாவடியில் உட்கார்ந்து, "வக்கீல் உடையப்பன் நடத்தை எப்படி?" என்றார். "சின்ன வயசுல எலந்தப்பழம் திருடுவான். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "குடும்பத்துல யாராச்சும் ஜெயிலுக்குப் போனதுண்டா?" என்றார். "போனவன் வந்துட்டானுங்க" என்றேன். கூட வந்த கணக்குப்பிள்ளை சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நான் சொன்னதால் உனக்குக் கெடுதி வருமோ என்று அதுவும் ஒரு பயம்.

வீரய்யாவின் தம்பி தங்கமுத்து, அப்பீல் போக வேண்டும் என்று சர்க்காருக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவன். ஆனாலும் அவனை வரப்பில் கண்டால் வேறு வரப்பில் இறங்கிப் போய்விடுகிறேன்.

மாப்பிள்ளை, அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்துவிட்டால் அந்தக் கட்டு உன் கைக்குத்தானே வரும். சமஸ்தானத்தில் அந்தக் காலத்துச் சர்க்கார் வக்கீல் எழுந்து நின்று சர்க்காருக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நீ சொல்ல மாட்டாயா. சீக்கிரம் உட்கார். உனக்காக நார்த்தாமலை மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறேன்.

மலையாண்டி கைநாட்டு.


சென்னை
30-10-1952

மாமா அவர்களுக்கு வணக்கம். அம்மாவும் நானும் நலம். இங்கு நல்ல மழை.

நீங்கள் சொன்னதால் எனக்கு ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் நீங்கள் நினைப்பது போல அந்த நாற்காலி இல்லை. நான் அங்கே போனால் முதல் நாளே, சேவுகன் என் தாய்மாமன் மகன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்தக் கட்டு என் மேஜைக்கு வராது. வேறொருவர் பார்ப்பார். அதுதான் முறை.

பயப்பட வேண்டாம். உங்கள் சாட்சியத்தின் நகலைப் பார்த்தேன். ஒரு தேதி பிசகவில்லை. அப்படிப்பட்ட சாட்சியத்தை வைத்துக்கொண்டு யாரும் லேசில் அப்பீல் போக மாட்டார்கள். அது ஒன்றே போதும்.

உடையப்பன்.


மேலக்கண்மாய்ப்பட்டி
கார்த்திகை 5

மருமகன் உடையப்பனுக்கு. அழகம்மாளிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அவளும் நீயும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை.

தங்கமுத்து கோட்டைப்பட்டினத்துக்குப் போயிருக்கிறான். அந்தப் பலகையை யார் ஏற்றிவிட்டது என்று விசாரிக்கப் போகிறேன் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனானாம். என் சாட்சியம் ஒன்றே போதும் என்று நீ எழுதினாய். அதைக் கேட்ட நாளிலிருந்து, அதன் கீழே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. கேஸ் ஆரம்பித்தபோது வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று நீதான் சொன்னாய். நான் மறைத்தேன். இப்போது சொல்கிறேன்.

வீரய்யாவுக்கும் சேவுகனுக்கும் தண்ணீர் முறையில் தகராறு வந்ததும், வீரய்யா மடைப்பலகையை உடைத்ததும் ஊருக்கே தெரியும். கடலில் ஊறிய பலகை தண்ணீரில் மக்காது என்று நான்தான் கோட்டைப்பட்டினத்துக்கு வண்டி கட்டினேன். சேவுகனும் ஏறினான். ஊரார் பார்த்தார்கள். ஆலங்குடியில் கடலைக் கமிஷன் கடை வாசலில் இறங்கிவிட்டான். "அப்பா, நீங்க போங்க. எனக்கு இங்கிட்டு ஒரு சோலி இருக்கு. திரும்பி வாரப்ப இதே எடத்துல நிப்பேன்" என்றான். என்ன சோலிடா என்றேன். "சோலிதான்" என்றான்.

நான் தனியாகத்தான் போனேன். பலகையை ஏற்றிவிட்டவர்கள் அங்குள்ள வள்ளத்துக்காரர்கள். நாலாம் நாள் திரும்பும்போது அதே கடை வாசலில் சேவுகன் நின்றான். வேட்டி துவைத்துக் கட்டியிருந்தான். ஏறிக் கயிற்றை வாங்கிக்கொண்டான். புதுக்கோட்டைக்கு வந்தபோது எதிரே வந்த நம் ஊர் வண்டிக்காரன், மடையில் வீரய்யா வெட்டுப்பட்டுக் கிடந்தான் என்றான். நான் சேவுகனைப் பார்த்தேன். அவன் மாட்டைப் பார்த்தான். நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.

ஊருக்குள் இரண்டு பேருமாக வந்து இறங்கினோம். போலீஸ் கேட்டபோது என்னோடுதான் இருந்தான் என்று சொல்லிவிட்டேன். முந்தி ஒரு தடவையும் பொய் சொல்லாத வாய் என்பதால் எல்லாரும் நம்பினார்கள். இப்போது தங்கமுத்து அந்த வள்ளத்துக்காரர்களைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது. நீ உள்ளே இருப்பவன், முன்கூட்டித் தெரிந்திருந்தால் ஏதாவது பார்த்துச் செய்வாய்.

மலையாண்டி கைநாட்டு.

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். "அவன் நம்ம வீட்டுப் புள்ள வாத்தியாரே, அவன்கிட்ட சொல்றது எனக்குள்ள சொல்லிக்கிறது மாதிரி" என்கிறார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வாயிலிருந்து இது வெளியே போகாது. பங்கிராஸ்.


மேலக்கண்மாய்ப்பட்டி
மார்கழி 4

மருமகனுக்கு. கார்த்திகை ஐந்தில் போட்ட கடிதத்துக்கு இன்றோடு இருபத்தொன்பது நாள், பதில் வரவில்லை. அழகம்மாளுக்கு உடம்பு சரியில்லையா. உனக்கா. அல்லது கடிதம் வேறு யார் கையிலாவது போய்விட்டதா. முன்பெல்லாம் தபால்காரர் வந்தால் ஒளிந்தேன். இப்போது கண்மாய்க்கரை வரை எதிரே போய் நிற்கிறேன். "ஒண்ணும் இல்ல பெரியவரே" என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார்.

தங்கமுத்து திரும்பிவிட்டான். என்ன கேட்டு வந்தான் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சும்மா இருக்கிறான். அதுதான் பயமாக இருக்கிறது.

மலையாண்டி கைநாட்டு.


சென்னை
28-12-1952

மாமா அவர்களுக்கு வணக்கம். எல்லாரும் சௌக்கியம். இந்தக் கடிதத்தைப் பங்கிராஸ் வாத்தியார் உங்களுக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்க வேண்டுகிறேன்.

என்னை நியமித்து நவம்பர் 24ந் தேதி ஆர்டர் கையெழுத்தானது. உங்கள் கடிதம் 25ந் தேதி வந்தது. நான் இன்னும் பொறுப்பேற்கவில்லை. சொந்தக் காரணம் என்று சொல்லித் தவணை கேட்டேன். ஜனவரி முடிய கொடுத்திருக்கிறார்கள்.

நான் வெறும் வக்கீலாக இருக்கும் வரை நீங்கள் எழுதியது வீட்டுச் சங்கதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நிமிஷம் அது சர்க்காருக்குத் தெரிந்த சங்கதி ஆகிவிடும். பக்கத்து மேஜையில் ஒருவர் உங்கள் சாட்சியத்தைப் படித்து உண்மை என்று எழுதிக்கொண்டிருப்பார். அவரோடு நான் காப்பி குடிக்க வேண்டும். மறைத்துக்கொண்டு அங்கே உட்கார எனக்கு முடியாது. காட்டிவிட்டு உங்கள் முகத்தில் விழிக்கவும் முடியாது. ஒரு மாதமாக அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சலவைக்குச் சட்டை போடவே பயமாக இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. அந்த நாலு நாளும் எங்கே இருந்தான் என்று சேவுகனிடம் கேளுங்கள். அவன் ஆலங்குடியிலோ வேறெங்கோ இருந்ததை யாராவது ஒருவர் சொல்ல முடியுமானால், உங்கள் பொய்யே தேவையில்லை. உண்மையே அவனைக் காப்பாற்றிவிடும். நான் நிம்மதியாகப் போய் உட்காருவேன். ஒரே ஒரு கேள்வி. கேட்டு எழுதுங்கள்.

உடையப்பன்.


மேலக்கண்மாய்ப்பட்டி
தை 6

மருமகன் உடையப்பனுக்கு மாமன் மலையாண்டி எழுதச் சொன்னது. பொங்கல் பொங்கியது. நீ அனுப்பிய கம்பளி வந்தது. குளிருக்கு நன்றாக இருக்கிறது. அழகம்மாள் கரும்பு கடிக்கிற பல் வைத்திருக்கிறாளா.

நீ சொன்னபடி கேட்கத்தான் போனேன். மாட்டுப் பொங்கலன்று சேவுகன் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். காத்தாயி குளத்துக்குப் போயிருந்தாள். அருகே போய் உட்கார்ந்தேன். "சேவுகா, ஆலங்குடியில..." என்றேன். அவன் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். சொல்லத் தயாராகிவிட்ட முகம் அது. நான், "ஆலங்குடியில இந்த வருசம் கடல நல்லாக் காச்சிருக்காமே" என்றேன். அவன், "ஆமா" என்றான். மறுபடியும் வர்ணத்தில் விரலை முக்கினான்.

மாப்பிள்ளை, நீ கேட்கலாம், ஒரு கேள்விதானே என்று. நீ படித்தவன். வேண்டாததை எழுதி வைத்து மறந்துவிடலாம், கிழித்துப் போடலாம். என் தலையில் விழுந்தது கிழியாது. நான் ஆறு வயதில் கேட்ட வசவு இன்றைக்கும் அதே குரலில் கேட்கிறது. உன் அத்தை சாகும்போது சொன்ன ஒன்பது வார்த்தையும் அப்படியே இருக்கிறது. அவன் இல்லை என்று சொன்னால் நல்லது. நான் வெட்டினேன் என்று சொல்லிவிட்டால், நான் சாகும் வரை தினம் அதைக் கேட்டுக்கொண்டே அவனோடு ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும். இப்போது பாதி நாள் அவன் செய்திருக்க மாட்டான் என்று இருந்துவிடுகிறேன். அந்தப் பாதியையும் பறிகொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் கேட்க மாட்டேன். என்னை மன்னித்துக்கொள். உனக்கு எது முறையோ அதைச் செய். அந்தக் கடிதத்தைக் காட்டுவதானால், காட்டிவிட்டேன் என்று ஒரு கார்டு போடு. நான் முதல் ஆளாகப் போலீசில் போய் நிற்கிறேன்.

மலையாண்டி கைநாட்டு.


மேலக்கண்மாய்ப்பட்டி
மாசி 20

மருமகன் உடையப்பனுக்கு. நாற்பத்து மூன்று நாளாகப் பதில் இல்லை. அழகம்மாளும் நீயும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் போலீஸ் ஜீப் வந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு வள்ளத்துக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். என்னைச் சாவடிக்கு வரச் சொன்னார்கள். சேவுகனை ஐந்து பேரோடு நிறுத்தி, "இதுல யாரு அன்னிக்குப் பெரியவரு கூட வந்தது?" என்றார்கள். வள்ளத்துக்காரர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பெரியவரை நல்லாத் தெரியுமுங்க, பலகைய மோந்து பாத்து வாங்குனாரு. கூட யாரும் வந்தாகளா இல்லையான்னு நெனப்பு இல்லீங்க" என்றார். அவருக்கு மறந்துபோயிருக்கிறது. அன்று அவர் கட்டியிருந்த கைலியின் கட்டம் என்ன நிறம் என்பது வரை எனக்கு நினைவிருக்கிறது. மறப்பது இவ்வளவு பெரிய வரம் என்று அன்றுதான் தெரிந்தது. ஜீப் போய்விட்டது. எனக்கு வேட்டி நனைந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

நேற்று பங்கிராஸ் வாத்தியார் பேப்பர் வாசித்தார். ஐகோர்ட்டில் சமஸ்தான வழக்குகளுக்கு என்று சர்க்கார் வக்கீலாக வேறு யாரையோ போட்டிருக்கிறார்கள். உன் பெயர் இல்லை. மறுபடி பாருங்கள் என்றேன். மூன்று தடவை பார்த்தார். என்ன நடந்தது, மாப்பிள்ளை.

மலையாண்டி கைநாட்டு.


சென்னை
12-3-1953

மாமா அவர்களுக்கு வணக்கம். அம்மா நலம். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன்.

அந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நாள் முழுக்க ஆபீசில் இருக்க முடியாது. படிக்க வேண்டிய கட்டுகளும் அதிகம், என் கண்ணும் முன்போல் இல்லை. வேறொன்றும் இல்லை. பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இதை மனதில் வைக்க வேண்டாம்.

உங்கள் கார்த்திகை மாதக் கடிதம் இப்போது இல்லை.

பங்குனி 9 என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அதோடு தீர்ப்பு நகல் வாங்கச் சர்க்காருக்கு ஆன ஒன்பது நாளையும் கூட்டிக்கொள்வார்கள். மார்ச் 31, உங்கள் கணக்கில் பங்குனி 18. அதுவரை பொறுத்திருங்கள்.

உடையப்பன்.


சென்னை
4-4-1953

மாமா அவர்களுக்கு வணக்கம். இங்கு யாவரும் சுகம்.

சர்க்கார் அப்பீல் போகவில்லை. நாள் கடந்துவிட்டது. இனிப் போகவும் முடியாது. தங்கமுத்துவின் மனுவுக்கு வந்த பதிலைச் சர்க்கார் பக்கத்து நண்பர் ஒருவர் எனக்குக் காட்டினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "குற்றம் சாட்டப்பட்டவரின் தந்தை எழுத்தறிவில்லாதவர், ஆயினும் அசாதாரணமான ஞாபகசக்தி உடையவர், குறுக்கு விசாரணையில் ஓரிடத்திலும் தடுமாறாதவர். அவருடைய சாட்சியம் முற்றிலும் நம்பத்தக்கது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை."

நானாக இருந்தால் இதை எழுதியிருக்க முடியாது. எழுதியவர் நல்ல மனிதர்.

உடையப்பன்.


ஆவூர்
விஜய வருஷம் சித்திரை 8

சிரஞ்சீவி மருமகன் உடையப்பனுக்கு மாமன் மலையாண்டி சொல்ல, பங்கிராஸ் வாத்தியார் ஆவூரில் அவர் வீட்டிலிருந்து எழுதுவது. நலம். உங்கள் நலம் விசாரிக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. நம்பத்தக்கது என்ற இடத்தை வாத்தியார் வாசித்தபோது, சர்க்கார் தப்பாகச் சொல்லிவிட்டதே, திருத்தச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். நீ வேலையை ஏன் விட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் கண்ணுக்கு ஒரு குறைவும் இல்லை. நீ சொல்லாததால் நானும் சொல்லவில்லை. நம் வகையறாவில் இது ஒரு பழக்கமாகிவிட்டது.

தங்கமுத்து களத்துமேட்டில் என்னை நிறுத்தினான். சண்டைக்கு வரவில்லை. "சர்க்காரே சொல்லிருச்சு, இனி நான் கத்தி என்ன ஆகப்போவுது. ஒங்களுக்குத்தான் எதுவும் மறக்காதே பெரியப்பா. அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவனுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அது கிடக்கட்டும். ஐகோர்ட்டுப் பயம் போய்விட்டது. இப்போது வேறு பயம்.

சேவுகனிடம் நான்தான் சொன்னேன், எல்லாம் முடிந்தது, இனி யாரும் உன்னைத் தொட முடியாது என்று. சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அன்று முதல் அவன் என்னிடம் பேசத் தேடுகிறான். சித்திரை முதல் தேதி நல்லேர் பூட்டும்போது பாதிச் சாலில் ஏரை நிறுத்திவிட்டு வரப்புக்கு வந்தான். "அப்பா, இனிமே சொன்னா ஒண்ணும் ஆகாதுல்ல. ஒங்ககிட்டயாச்சும் சொல்லிடணும்ப்பா. என்னால சொமக்க முடியல" என்றான். "மாடு வெயில்ல நிக்குது, போயி ஓட்டு" என்றேன். போனான். அதற்கப்புறம் அவன் சாப்பிட வரும் முன்னே நான் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன். அவன் கொட்டகைக்கு வந்தால் நான் கரைக்குப் போகிறேன். கரைக்கு வந்தால் ஆவூருக்கு வந்துவிடுகிறேன்.

இன்றைக்கு இங்கேயும் வந்துவிட்டான். வாத்தியார் வீட்டு வாசலில் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வாத்தியார் எழுதுவதை நிறுத்தி, "மகன் வந்திருக்கான், உள்ள கூப்பிடவா?" என்கிறார். கடிதம் முடியட்டும் வாத்தியாரே, எழுதுங்கள் என்கிறேன். கடிதம் முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்கிறார்.

ஆகையால் உடையப்பா, பட்டணத்தில் ட்ராம் வண்டியை நிறுத்திவிட்டார்களாமே, நீ கோர்ட்டுக்கு எதில் போகிறாய். அழகம்மாளுக்கு அங்கே வெயில் ஒத்துக்கொள்கிறதா. குடிதண்ணீர் குழாயில் வருகிறதா, கிணற்றிலா. உன் தெருவில் மரம் இருக்கிறதா. என்ன மரம். இங்கே மாங்காய் வடுவாக இருக்கிறது. கண்மாயில் தண்ணீர் இல்லை. மாடுகளில் வெள்ளைக்கு நாக்கில் புண், மஞ்சள் தடவுகிறோம். காத்தாயி சுகம். வாத்தியார் சுகம். வாத்தியார் வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது, இரண்டு, இரண்டும் கறுப்பு. அடுத்த வீட்டுக்காரரும் சுகம். வாத்தியார் காகிதம் தீர்ந்துவிட்டது என்கிறார், ஓரத்தில் எழுதுங்கள் என்கிறேன்